இடமே எடுக்காது

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'நேத்து' என்று பெயர். சின்னவர்களுக்கு நேத்து அண்ணன். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் அவரே நினைத்திருப்பார்.

டைல்ஸ் கம்பெனிகளுக்கு கேட்டலாக் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். குளியலறைச் சுவர், சமையலறைத் தரை, மாடிப்படி என்று மனிதன் கால் வைக்கிற, முதுகு சாய்க்கிற இடமெல்லாம் எங்களிடம் படமாக இருக்கும். ஒரே சாம்பல் நிற டைலைக் காலை வெளிச்சத்தில், மாலை வெளிச்சத்தில், ஈரத்தோடு, ஈரமில்லாமல் என்று எடுத்து, ஒவ்வொன்றையும் பல விதமாகத் திருத்தி, கடைசியில் முதலில் எடுத்த படத்தையே அச்சுக்கு அனுப்புவோம். அந்த டைல்களுக்குப் பெயர் வைப்பது என் வேலை. 'மழை ஓய்ந்த முற்றம்' என்று வைப்பேன். விற்பனைப் பிரிவு அதை அடித்துவிட்டு 'ராயல் கிரே' என்று போடும்.

அத்தனை படங்களும் சர்வர் என்கிற ஒரே பெட்டிக்குள் இருந்தன. டைல் மாதிரிகளை அடுக்கி வைத்திருந்த பழைய ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி அந்தப் பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டி சூடாகாமல் இருக்க ஒரு ஏசி. ஏசி ஒழுகியதால் அதன் கீழே ஒரு நீல வாளி. வாளி நிரம்பினால் கொட்டுவதற்கு நேத்து அண்ணன். இந்தக் கடைசி வாக்கியம் மாப்பிள்ளை சொன்னது. முதலாளியின் மகளைக் கட்டியவர் அவர். முதலாளி வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்றே கேட்டுக் கேட்டு, நாங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்போம், முகத்துக்கு முன்னால் சார் என்போம்.

வெளியே வெயில் கொளுத்தினாலும் அண்ணன் ஸ்வெட்டரில்தான் இருப்பார். அவருடைய நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. பல வருஷமாக அதில் சாய்ந்தே உட்கார்ந்து, நிற்கும்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்பார். மேஜையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த காபி பிளாஸ்க் இருக்கும். மூடி கிடையாது, வாயில் பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். அந்த மூடி போன கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது நான் வேலையில் சேருவதற்கு முன்னால். எல்லோரும் சொல்லிச் சொல்லி நானே நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளி ஒருநாள் கணினியில் எதையோ தேடப் போய், அச்சுக்குப் போகவேண்டிய கேட்டலாக்கை மொத்தமாக அழித்துவிட்டார். அழித்தது முதலாளி என்பதால் அதற்கு 'கரண்ட் கோளாறு' என்று பெயர் வைத்தார்கள். ஆளுக்கொரு மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த இவர் ஸ்டோர் ரூமிலிருந்து தலையை நீட்டி, "நேத்து இருந்த மாதிரி வேணுமா, இன்னிக்குக் காலைல இருந்த மாதிரி வேணுமா?" என்று கேட்டாராம். காபிக்குச் சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்பது போல.

"நேத்தே போதும்பா" என்றாராம் முதலாளி.

வந்தது. முதலாளி அவரைக் கட்டிப்பிடித்தார். சிஸ்டம் வேலை பார்ப்பவர்களைப் பொதுவாக யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. பிரிண்டர் ஓடவில்லை என்றால் திட்டுவதோடு சரி. கட்டிப்பிடிக்கப்பட்ட அந்த மத்தியானத்திலிருந்து அண்ணன் வேறு ஆளாகிவிட்டார். அதே மாதிரி இன்னொரு மத்தியானம் வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

அவர் செய்த வித்தைக்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். "பஸ்ல கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கறோம்ல, அதான் இது" என்று விளக்குவார். "இந்த நிமிஷம் எந்தெந்த ஃபைல் எங்கெங்க உக்காந்திருக்கோ, அந்த சீட்டெல்லாத்துலயும் கர்ச்சீப்பைப் போட்டுடும். நீ ஃபைலை அழி, மாத்து, என்ன வேணா பண்ணு. பழசு இருந்த சீட்டை யாரும் தொட முடியாது. எனக்கு வேணும்னா போய் எடுத்துக்குவேன்."

"அப்ப இன்னொரு காப்பி எடுத்து வைக்குதாண்ணே?"

"காப்பியா? காப்பி எடுத்தா இடம் போயிடுமே. இது இடமே எடுக்காது. கர்ச்சீப் என்ன இடத்தையா எடுக்கும்?"

இந்தக் கர்ச்சீப்பை மணிக்கு ஒருமுறை போடும்படி பெட்டியில் ஏற்பாடு செய்திருந்தார். ஏற்பாடு செய்யும்போது, பழையதை எத்தனை நாள் கழித்து நீக்கலாம் என்று பெட்டியே மரியாதையாகக் கேட்டிருக்கிறது. 'ஒருபோதும் வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

இதனால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தனிப் பழக்கம் வந்தது. வேறு இடங்களில் சண்டை வந்தால் கத்துவார்கள், அழுவார்கள், லீவு போடுவார்கள். எங்களிடம் "நேத்து அண்ணன்கிட்ட கேட்டுருவோமா?" என்பார்கள். எவன் எப்போது எந்தப் பக்கத்தை மாற்றினான் என்பதெல்லாம் மணி வாரியாகப் பெட்டிக்குள் இருந்தது அல்லவா? அதில் ரொம்பப் புகழ்பெற்ற வழக்கு, பிழை திருத்துகிற அக்காவுக்கும் டிசைனருக்கும் நடந்தது. அக்காவைக் கால்புள்ளி அக்கா என்போம். மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் இருந்தால் நடுவில் ஒரு கமா வைக்காமல் விடமாட்டார். டிசைனருக்கு ஒளிவட்டம் என்று பெயர். கழிவறை டைலாக இருந்தாலும் பின்னால் ஒரு வெளிச்சம் போட்டுத்தான் அனுப்புவான்.

போன கேட்டலாக்கில் 'வழுக்காத தரை' என்ற பக்கத்தில் கண்ணாடி மாதிரி வழுக்குகிற டைல் அச்சாகிவிட்டது.

"நான் பார்த்து அனுப்பினப்ப சொரசொரப்பு டைல்தான் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை நான் சாப்பிடப் போன நேரத்துல இவன்தான் மாத்தினான்" என்றார் அக்கா.

"அக்கா பார்த்தப்பவே இதான் இருந்துச்சு. அவங்க கமாவைப் பார்த்தாங்க, டைலைப் பார்க்கல" என்றான் ஒளிவட்டம்.

"அந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்தா தெரிஞ்சிடும்."

"எடுங்களேன்! எனக்கென்ன பயம்?"

ஆனால் இருவரும் எடுக்கச் சொல்லவில்லை. மாதக்கணக்காகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பத்திரமாக உள்ளே இருக்கிறது என்ற நினைப்பே இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. வெளியே எடுத்தால் ஒருவருக்குத்தான் அது சொந்தமாகும்.

இந்த நிலைமையில்தான் டிஸ்க் நிறைய ஆரம்பித்தது.

அண்ணனின் அறையில் ஒரு பழைய திரை, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். எண்பதில் பல காலம் நின்றது தொண்ணூறுக்கு வந்ததும் மாப்பிள்ளை எங்களையெல்லாம் கூட்டி நிறுத்தினார். ஏதோ மேலாண்மைப் படிப்பு முடித்தவர். நின்றுகொண்டே நடத்துகிற கூட்டத்தில்தான் மூளை வேலை செய்யும் என்பது அவர் கொள்கை. அவர் மட்டும் மேஜை விளிம்பில் உட்கார்ந்துகொள்வார்.

"நம்ம டிஸ்க்குக்கு உடம்பு போட்டிருச்சு. டயட் தேவை. யாரு அதிகமா அழிக்கிறாங்களோ அவங்களுக்குப் பரிசு."

பரிசு ஒரு பூந்தொட்டி. அதற்கப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"புது கேட்டலாக் நாலு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். டிஸ்க் நிறைஞ்சு அது நின்னுச்சுன்னா, இந்தப் பெட்டியும் வேணாம், பெட்டியைப் பார்த்துக்க ஆளும் வேணாம். எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டு அந்த ரூமை நான் மீட்டிங் ரூம் ஆக்கிடுவேன். ஓகேவா?"

எல்லோர் முன்னாலும் சொன்னார். அண்ணன் ஸ்வெட்டர் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். "அழிச்சா சரியாயிடும் சார்" என்றார். அவருக்கு இந்த வேலையை விட்டால் வேறு எங்கும் போக வழி கிடையாது. வெளியே எந்த அலுவலகத்திலும் நேற்றைக் கேட்டு ஆள் எடுப்பதில்லை.

நாங்கள் அழித்தோம். மனிதர்களுக்கு அழிப்பதில் இவ்வளவு ஆசை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒளிவட்டம் தன் ஆரம்பகால வெளிச்சங்களை அழித்தான். கணக்குப் பிரிவில் இருந்தவர், தனக்குப் பிடிக்காத பழைய வாடிக்கையாளர்களின் படங்களைத் தேடித் தேடி அழித்தார். கால்புள்ளி அக்கா எதையும் அழிக்காமல், அழித்தவர்கள் எழுதிய அறிக்கைகளில் பிழை திருத்தினார். வாரக் கடைசியில் திரையைப் பார்த்தால் அதே தொண்ணூறு. சொல்லப்போனால் ஒன்று கூடியிருந்தது.

"படங்கள் குண்டா இருக்கு, ஒல்லி பண்ணுவோம்" என்றார் அண்ணன். ஒவ்வொரு படத்தையும் திறந்து, சுருக்கி, அதே பெயரில் மறுபடி சேமிக்க வேண்டும். ஊரே கூடி ஒல்லி பண்ணியது. மறுநாள் திரையில் தொண்ணூற்றைந்து.

அண்ணனுக்கு மனிதர்கள்மேல் சந்தேகம் வந்தது. பெட்டிமேல் அவருக்குச் சந்தேகம் வராது. கர்ச்சீப்மேல் கனவிலும் வராது. அறை அறையாக வந்து எங்கள் ஃபோல்டர்களைச் சோதனை போட்டார்.

"யாரோ சினிமா ஏத்தி வெச்சிருக்கீங்க. மரியாதையா சொல்லிடுங்க."

"என் பொண்ணு ஸ்கூல்ல டான்ஸ் ஆடினது ஒண்ணு இருக்கு அண்ணே" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"எவ்வளவு நேரம் ஆடிச்சு?"

"ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள விழுந்துட்டா."

அதையும் அழிக்க வைத்தார். கணக்குப் பிரிவுக்காரர் அன்றைக்கு டீக்குக்கூட எழுந்து வரவில்லை. தொண்ணூற்றைந்து தொண்ணூற்றைந்தாகவே இருந்தது; பத்து நாள் போனதும் தொண்ணூற்றெட்டு ஆனது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஸ்டோர் ரூமின் சுவரை அடியால் அளப்பது போல் பார்த்துக்கொண்டு போனார். ஒருநாள் டேப்பே கொண்டுவந்தார்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில், எப்படியாவது பூந்தொட்டியை வாங்கிவிட வேண்டும் என்ற வெறியில் ஒளிவட்டம் 'மாடிப்படி' என்றிருந்த ஃபோல்டரைப் பழையது என்று நினைத்து அழித்துவிட்டான். அது புது கேட்டலாக்கின் நடுப்பக்கம். அந்த மாடிப்படி இருந்த வீட்டில் இப்போது ஆட்கள் குடிவந்து, படிக்குப் படி செருப்பும் சைக்கிளும் வைத்திருந்தார்கள். மறுபடி படமெடுக்க வழியில்லை.

"அண்ணே! அண்ணே! செத்தேன்!" என்று ஸ்டோர் ரூமுக்குள் ஓடினான்.

என் மேஜைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். மேலே கொஞ்சம் திறந்தே இருக்கும். நான் இருப்பது பலருக்கு நினைவிலேயே இருக்காது என்பதால் எனக்கு எல்லாம் கேட்கும்.

"எப்ப இருந்த மாதிரி வேணும்?" என்று அண்ணன் கேட்டார். குரலில் பழைய மத்தியானம் திரும்பி வந்திருந்தது.

"அழிக்கறதுக்கு முன்னாடி எப்ப வேணா."

ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. மாடிப்படி ஒவ்வொரு படியாகத் திரும்பி வந்தது. ஒளிவட்டம் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். நாங்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று கைதட்டினோம். அண்ணன் எழுந்து, சாய்ந்து நின்று, கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

"அது சரி, நான் அழிச்சுட்டேனே. இவ்வளவு நேரம் எங்கண்ணே இருந்துச்சு?" என்றான் ஒளிவட்டம், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எங்கயும் போகல தம்பி. இங்கயேதான் இருந்துச்சு. கர்ச்சீப் போட்டிருக்கோம்ல. அந்த சீட்டுல வேற யாரும் உக்கார..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. கைதட்டிய நாங்கள், இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தோம். கொஞ்ச நேரத்தில் வாளி நிரம்பி, தண்ணீர் தடுப்புக்கு அடியில் ஓடிவந்து என் செருப்பை நனைத்தது. எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பஸ்ஸை இப்போதுதான் அவர் முழுதாகப் பார்த்திருக்கிறார். கர்ச்சீப் இடம் எடுக்காதுதான். ஆனால் ஆள் இறங்கிப் போன பிறகும் சீட்டு கர்ச்சீப்புடையது. நாங்கள் அழித்த ஒவ்வொரு படமும் தன் சீட்டை விட்டுக்கொடுக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஒல்லி பண்ணிய படங்களோ, குண்டுப் படங்கள் எழுந்து போகாமலேயே, பக்கத்தில் வந்து புதிதாக உட்கார்ந்தன. டயட் என்று சொல்லி நாங்கள் டிஸ்க்குக்கு இரண்டு வேளைச் சாப்பாடு போட்டிருக்கிறோம். இத்தனை வருஷமாக மணிக்கொரு கர்ச்சீப். எடுக்கவே வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. மாப்பிள்ளையும் உள்ளே இருந்தார்.

"டிஸ்க் நிறையறதுக்குக் காரணம் பழைய ஸ்னாப்ஷாட் சார்."

"அது இடமே எடுக்காதுன்னுதானே இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தீங்க?"

"எடுக்கும்போது எடுக்காது சார். போகப் போகத்தான் எடுக்கும்."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க. வீட்டுக்கு வரும்போது ஒரே ஒரு சூட்கேஸ்தான் கொண்டுவந்தார்" என்று தானே சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"அழிங்க. போன ஒரு வாரம் இருந்தா போதும். நாளைக்கு மத்தியானமே அழிச்சுடுங்க" என்றார் முதலாளி.

"அழிச்சும் இடம் வரலைன்னா?" என்றார் மாப்பிள்ளை.

"வரலைன்னா நீங்க சொன்னபடி மீட்டிங் ரூம்" என்று முதலாளி ஃபோனை எடுத்தார்.

பழைய நாளெல்லாம் நாளை மத்தியானம் அழியப்போகிறது என்ற செய்தி ஐந்து நிமிஷத்தில் அலுவலகம் முழுக்கப் போனது. உடனே ஸ்டோர் ரூமுக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். இத்தனை காலம் அவருக்கு யாரும் காபி வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மேஜையில் நாலு கப் ஆறிக்கொண்டிருந்தது.

முதலில் கால்புள்ளி அக்கா.

"எல்லாத்தையும் அழிச்சுக்கோங்க. அந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் விட்டுடுங்க. அது என் மானம்."

"ஒண்ணை விட்டா அன்னிக்கு பஸ்ல இருந்த அத்தனை பேரும் இருப்பாங்க அக்கா. இடம் வராது."

"ஒரே ஒரு நாள்தானே?"

"அன்னிக்கு இருந்த குண்டுப் படமெல்லாம் அந்த ஒரே நாள்ல இருக்கே." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா இப்பவே திறந்து பார்த்துடலாமா? யாரு மாத்தினதுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் அழிக்கலாம்ல?"

அக்கா உடனே எழுந்துவிட்டார். "இப்பவா? எனக்கு எட்டுப் பக்கம் பாக்கி இருக்கு."

அடுத்து வந்த ஒளிவட்டமும் அதே செவ்வாய்க்கிழமையைத்தான் கேட்டான். திறந்து பார்க்கலாமா என்று கேட்டதும் அவனுக்கும் எட்டுப் பக்கம் பாக்கி இருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் மட்டும், தன் மகள் விழுந்த நடனத்தை எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அண்ணன் அதை எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு, "மன்னிச்சுக்கோங்க" என்று கையில் கொடுத்தார்.

கடைசியாக மாப்பிள்ளை வந்தார். அந்த அறையை வெளியிலிருந்து அளந்திருக்கிறாரே தவிர உள்ளே வந்ததில்லை. மரியாதைக்கு அண்ணன் தன் நாற்காலியைத் தள்ளினார். உட்கார்ந்ததும் அது சாய்ந்தது. மாப்பிள்ளை ஏசியைப் பிடிக்கப் போய் வாளியில் கால் வைத்தார்.

"இந்த... போன மாசம் ஒரு புதன்கிழமை. மத்தியானம்" என்றார் சாக்ஸைப் பிழிந்துகொண்டே. "அதை முதல்ல அழிச்சுடுங்க."

"எல்லாமே போயிடும் சார்."

"இல்ல, அதை முதல்ல."

அந்தப் புதன்கிழமை எனக்கு நினைவிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் என் மேஜையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். மாப்பிள்ளை ஒளிவட்டத்தின் கணினியில் உட்கார்ந்து புது கேட்டலாக்கின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். அங்கே முதலாளியின் படம் இருக்கும், கீழே 'நிறுவனர்' என்று. மாப்பிள்ளை மாமனாரின் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஒரு ஓரத்தில் வைத்தார். நடுவில் தன் படத்தை வைத்து, பக்கம் நிறைய இழுத்தார். கீழே 'நிர்வாக இயக்குநர்' என்று அடித்து, பழக்க தோஷத்தில் சேமித்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, பழையபடியே மாற்றி வைத்துவிட்டுப் போனார். சும்மா பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் நடுவில் மணி அடித்திருக்கிறது. கர்ச்சீப் விழுந்திருக்கிறது.

"நீங்க அதைப் பார்த்தீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"எதை சார்?"

"புதன்கிழமையை."

"நான் எதையுமே திறந்து பார்க்கறதில்ல சார். போட்டு வைக்கறதோட சரி."

நான் தடுப்பின் இடுக்கு வழியாக அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு துளி பொய் கிடையாது. நிஜமாகவே அவர் எதையும் பார்த்ததில்லை. ஊரின் ரகசியமெல்லாம் அவர் காலடியில் கிடந்தது, அவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார். ஆனால் மாப்பிள்ளை அந்த முகத்தை வேறு மாதிரி படித்தார். "ம்ம். நல்ல பதில்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஈர சாக்ஸோடு போனார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டோர் ரூமில் நிற்க இடமில்லை. முதலாளி வாசலில் நின்றார். அண்ணன் பழையதிலிருந்து ஆரம்பித்தார். முதலாளி கட்டிப்பிடித்த அந்த வாரம்தான் எல்லாவற்றிலும் பழையது. அதன்மேல் அவர் விரல் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் அழுத்தினார். திரையில் தொண்ணூற்றெட்டு. வருஷம் வருஷமாக அழித்தார். தொண்ணூற்றெட்டு.

"அசையலையே" என்றார் மாப்பிள்ளை. அசைந்தால் நல்லதா அசையாவிட்டால் நல்லதா என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு குரல்.

"ஒரே சீட்டுல நூறு கர்ச்சீப் கிடக்கு சார். கடைசி ஒண்ணு எடுக்கற வரைக்கும் சீட்டு காலியாகாது."

செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். "கடைசியா கேக்கறேன். திறக்கவா?"

கால்புள்ளி அக்கா கூரையைப் பார்த்தார். ஒளிவட்டம் அதே கூரையில் வேறொரு இடத்தைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை போனது. சற்றுக் கழித்துப் புதன்கிழமை போனது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். தொண்ணூற்றேழு. அண்ணனின் நெற்றியில், அந்தக் குளிரில், அந்த ஸ்வெட்டருக்கு மேலே, வியர்வையை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு முந்திய கடைசி நாளையும் அழித்தார். பெட்டி கொஞ்ச நேரம் கரகரவென்று ஏதோ மென்றது. திரை தொண்ணூறுக்கு வந்தது. எழுபது. ஐம்பத்திரண்டு. நாற்பத்தொன்றில் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பழைய நாள் போன இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி, "அப்ப சரி, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டலாக் வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போனது. நடுப்பக்கத்தில் மாடிப்படி. இரண்டாம் பக்கத்தில் முதலாளி, எப்போதும் இருக்கிற அளவில்.

இத்தோடு நேத்து அண்ணனுக்கு அந்தப் பெயர் போய்விடும் என்றுதான் நினைத்தேன். இனி ஒரு வாரத்துக்கு மேல் அவரால் எதையும் கொண்டுவர முடியாதே.

அடுத்த வாரம் கால்புள்ளி அக்கா என் மேஜை ஓரமாக வந்து, "அவர் அழிச்சாருன்னா நம்பறே? நமக்குக் காட்டறதுக்காக அழிச்சிருப்பார். எதை அழிச்சாலும் அழியாதுன்னு சொன்ன மனுஷன்ப்பா அவர்" என்றார். ஒளிவட்டமும் அதையே சொன்னான்: "வீட்டுல ஒரு பெட்டி இருக்குடா. எனக்குத் தெரியும்." செவ்வாய்க்கிழமை இப்போது முன்னைவிடப் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டதில் இருவருக்கும் நிம்மதி.

மாப்பிள்ளை கிளவுட் பேச்சையே எடுக்கவில்லை. "அனுபவசாலிகளைக் கம்பெனி இழக்கக் கூடாது" என்று நின்றபடியே ஒரு கூட்டத்தில் சொன்னார். ஸ்டோர் ரூமுக்குப் புது நாற்காலி வந்தது, எல்லாச் சக்கரங்களோடும். யாரும் வெல்லாத பூந்தொட்டியும் அங்கேயே வந்தது.

அண்ணனால் இதைத் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளையின் அறைக்கே போய்ச் சொல்லிப் பார்த்தார்.

"சார், நிஜமாவே என்கிட்ட ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

"புரியுது, புரியுது." மாப்பிள்ளை எழுந்து வந்து கதவைச் சாத்தினார். "நாற்காலி வசதியா இருக்கா?"

முதலாளியிடமும் சொன்னார். "என்கிட்டகூட அதையே சொல்றீங்க பாருங்க" என்று முதலாளி அவர் தோளைத் தட்டினார். "அந்த விசுவாசம்தான் எனக்குப் பிடிச்சது." கட்டிப்பிடிக்கவில்லை; ஆனால் கிட்டத்தட்ட.

இத்தனை வருஷம் அவர் சொன்ன அரைகுறை உண்மையை ஊரே நம்பியது. முழு உண்மையைச் சொன்னபோது நம்ப ஆள் கிடைக்கவில்லை. புது நாற்காலியில் நேராக உட்கார்ந்தும் பழையபடி சாய்ந்துதான் இருந்தார்.

ஒருநாள் காபி ஊற்றும்போது அவரே என்னிடம் சொன்னார். பிளாஸ்க்கிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டே.

"தம்பி, ஒரே ஒருத்தி நம்பினா. என் வீட்டுக்காரி."

ஆபீஸில் ஒரு வெற்றுத் தாளைக்கூட அழிக்க மனம் வராத அண்ணன், வீட்டில் நேர்மாறாம். மாசத்துக்கு ஒருமுறை அலமாரியைத் திறந்து, இது எதுக்கு, அது எதுக்கு என்று தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பாராம். கதவுச் சாவி, மழைக் கோட்டின் தொப்பி, அண்ணியின் மூக்குக் கண்ணாடி ஒன்று, அப்புறம் இந்த பிளாஸ்க் மூடி.

"உங்ககிட்ட என்ன சொன்னாங்க அண்ணி?"

"'எல்லாத்தையும் அழிச்சுட்டேன், ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க'ன்னு சொன்னேன். சோத்தைப் போட்டுக்கிட்டே திரும்பிக்கூடப் பார்க்காம சொல்றா: 'நீங்கதானே? கண்டிப்பா அழிச்சிருப்பீங்க. அழிக்கறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டேன்னு சொன்னேன். ரெண்டு தடவை கேட்டேன்னு சொன்னேன்." காபியை எனக்குப் பாதி ஊற்றினார். "அதைத்தான் அவ நம்பல."